தண்ணீரைக் கொண்டு வாருங்கள், தோலைப் பிறகு பார்ப்போம்

வாசகர் கேள்வி – கால்நடை மருத்துவர் பதில்

ஆக்சலாட்டில் (பல்லி வடிவில், செவுள் வெளியே தெரியும் நீர்வாழ் பிராணி) வளர்ப்பவர்களிடமிருந்து இந்த முறை நிறையக் கேள்விகள். எல்லோரும் கேட்டிருப்பது தோலைப் பற்றி. நான் சொல்லப்போவது பெரும்பாலும் தண்ணீரைப் பற்றி. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: வெள்ளை ஆக்சலாட்டில் ஒன்று வாங்கி இரண்டு வாரம் ஆகிறது. அவன் வந்த அன்றுதான் தொட்டியையும் அமைத்தேன். முதலில் நன்றாகச் சாப்பிட்டான். இப்போது வயிறும் கால்களும் சிவந்திருக்கின்றன. தோல் சாம்பல் நிறமாகி மெல்லிய துண்டுகளாக உரிகிறது. செவுள் இழைகள் குட்டையாகிவிட்டன. தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாகத்தான் இருக்கிறது. என்ன மருந்து போடலாம் டாக்டர்?
– கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: மருந்து எதுவும் வேண்டாம்மா. தோலை இவ்வளவு கூர்ந்து பார்த்து எழுதிய நீங்கள், தண்ணீரைப் பற்றி ‘தெளிவாக இருக்கிறது’ என்பதோடு நிறுத்திக்கொண்டீர்கள். அமோனியாவுக்கு நிறம் கிடையாது. இந்தப் பிராணியின் தோலைப் புண்ணாக்கும் அளவில் இருந்தாலும் நம் மூக்குக்கு எட்டாது. வந்த அன்றே தொட்டி, இரண்டு வாரத்தில் சிவப்பு என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது அமோனியாவைத்தான்.

இன்றே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அவனை அந்தத் தொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். சோப்பு படாத பெரிய பிளாஸ்டிக் டப்பா போதும்; உடல் முழுக்க மூழ்கவும், திரும்பிப் படுக்கவும் இடம் இருக்க வேண்டும். குளோரின் நீக்கிய தண்ணீரை, பழைய தொட்டியின் அதே வெப்பநிலையில் ஊற்றுங்கள். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை முழுத் தண்ணீரையும் மாற்றுங்கள். ஒரே மாதிரி இரண்டு டப்பா இருந்தால் சுலபம்: ஒன்றில் அவன் இருக்கும்போதே மற்றதில் நாளைய தண்ணீர் அதே அறையின் சூட்டுக்கு வந்துவிடும். காற்றுப் போக இடம் விட்டு மேலே ஒரு துணியைப் போட்டு இருட்டாக்குங்கள். கழிவு கண்ணில் பட்டதும் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். டப்பாவில் ஃபில்டர் இல்லை. அங்கே நீங்கள்தான் ஃபில்டர்.

இனி ஏன் இப்படி ஆனது என்று பார்க்கலாம். ஆக்சலாட்டிலை மீன் கணக்கில் சேர்ப்பதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது. இது சாலமாண்டர், தவளைக்கு உறவு. செதில் கிடையாது. மெல்லிய தோல், அதன்மேல் வழவழப்பான ஒரு சளிப்படலம், அவ்வளவுதான் அதற்கும் தண்ணீருக்கும் நடுவே இருப்பது. செவுளாலும் மூச்சு விடும், நுரையீரலாலும் விடும், தோலாலும் விடும். அதோடு முடியவில்லை. அதன் உடல்நீர் சுற்றியிருக்கும் தண்ணீரைவிட உப்பானது. அதனால் தண்ணீர் தோல் வழியே ஓயாமல் உள்ளே வந்துகொண்டிருக்கும், சிறுநீரகம் ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், வேண்டிய உப்புகளைத் தோல் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். கிருமிகளை எதிர்க்கும் பொருள்களும் அந்தச் சளியில்தான் இருக்கின்றன. அமோனியா அரிப்பது இந்த இடத்தைத்தான். சளிப்படலம் போய், தோல் வெந்ததுபோல் சிவந்து, மேல்தோல் உரிகிறது. நீங்கள் பார்த்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். தோல் பழுதானால் நீர்க் கணக்கும் தவறி, சில பிராணிகளுக்கு உடல் வீங்கிவிடும்.

அமோனியா பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை. அவனே விடுகிற கழிவு, தின்னாமல் கிடக்கும் உணவு, இவற்றிலிருந்துதான் வருகிறது. நிலைபெற்ற தொட்டியில் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். நைட்ரைட்டும் விஷம்தான், இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் செய்யும். நைட்ரேட் அவ்வளவு கொடியதில்லை, தண்ணீர் மாற்றி வெளியேற்றிவிடலாம். இந்த பாக்டீரியா கூட்டம் ஃபில்டரில் குடியேறிப் பெருக சாதாரணமாக நான்கிலிருந்து எட்டு வாரம் பிடிக்கும். உங்கள் தொட்டிக்குக் கிடைத்தது இரண்டு வாரம், அதுவும் உள்ளே ஆளோடு.

அவன் டப்பாவில் இருக்கும் இந்தக் காலத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். காலித் தொட்டியில் ஃபில்டர் ஓடட்டும். வாசனைத் திரவம் எதுவும் சேராத அமோனியா அல்லது அமோனியம் குளோரைடை 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும்படி சேர்த்து, குறையும்போதெல்லாம் மறுபடி சேருங்கள். உள்ளே பிராணி இல்லாததால் தண்ணீரை 25 டிகிரி வரை விடலாம்; குளிரில் அந்த பாக்டீரியா சோம்பேறி. 2 பி.பி.எம். அமோனியா 24 மணி நேரத்துக்குள் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். பிறகு பெரிய அளவில் தண்ணீர் மாற்றி, 18 டிகிரிக்குக் குளிர்வித்து, அப்புறம் அவனை விடுங்கள். நோயில்லாத பழைய தொட்டி ஒன்றின் ஸ்பாஞ்ச் கிடைத்தால் இந்தக் காத்திருப்பு பாதியாகக்கூடக் குறையும்.

இலக்கு இதுதான்: அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20 பி.பி.எம்.முக்குள், பி.ஹெச். (தண்ணீரின் அமில-காரத் தன்மை) 7.4க்கும் 7.6க்கும் பக்கத்தில். காகிதப் பட்டைச் சோதனையை நான் நம்புவதில்லை. சொட்டு மருந்துபோல் குப்பிகளில் வரும் சோதனைக் கிட்டை வாங்குங்கள்.

மூன்று நான்கு நாள் நல்ல தண்ணீரில் இருந்தும் சிவப்பு பரவினால், குழிப்புண் தெரிந்தால், உடல் வீங்கினால் காத்திருக்க வேண்டாம். தோல் திறந்துவிட்ட பிறகு ஏரோமோனாஸ் மாதிரி பாக்டீரியா இரத்தத்தில் கலந்தாலும் இப்படித்தான் சிவக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்று, வைத்தியம் வேறு. நேரில் மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது பழைய தொட்டித் தண்ணீரை ஒரு சுத்தமான குப்பியில் தனியாக எடுத்துப் போங்கள். பிராணியை மட்டும் தூக்கிக்கொண்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும்.

கேள்வி: செவுளில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கிறது. உப்புக் குளியல் என்கிறார் ஒருவர், தேயிலை வடிநீர் என்கிறார் இன்னொருவர், ஃபிரிட்ஜில் வை என்கிறார் மூன்றாமவர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: முதலில் அது பஞ்சுதானா பாருங்கள். தண்ணீர் அசையும்போது நுண்ணிய மயிர்போல் விரிந்து ஆடினால் பூஞ்சை. வழவழவென்று இழுபட்டால் உரிந்த சளியாக இருக்கலாம்.

பெரும்பாலும் இது சாப்ரோலெக்னியா. பூஞ்சை என்று சொல்லிக்கொண்டாலும் உயிரியலில் அது நீர்ப்பூசண வகை, தனிக் குடும்பம். அதன் வித்துகள் எந்தத் தொட்டியிலும் இருக்கும். நல்ல தோலில் ஒட்டாது. கடி, உரசல், அமோனியாப் புண் என்று ஏதாவது செத்த திசு இருந்தால் அதில் முளைக்கும். எனவே பஞ்சைப் பார்த்ததும் அதற்கு முன்பு அங்கே என்ன காயம் இருந்தது என்று யோசிக்க வேண்டும். கூட இன்னொன்று இருந்தால் பிரித்து வையுங்கள். இவை பக்கத்தில் ஆடும் செவுளை உணவென்று நினைத்துக் கவ்வும்.

உப்புக் குளியல் வேலை செய்யும், மறுக்கவில்லை. அயோடின் சேராத உப்பு லிட்டருக்கு இரண்டு மூன்று தேக்கரண்டி, பத்து நிமிடம், அதிகம் போனால் பதினைந்து என்பது வளர்ப்போர் வழக்கத்தில் உள்ள அளவு. ஆனால் உப்பு பூஞ்சையைச் சுடுவதுபோல் சளிப்படலத்தையும் சுடும், செவுளையும் சுடும். சின்னப் பஞ்சுக்கு நான் அதைச் சொல்வதில்லை. டப்பாவில் குளிர்ந்த சுத்தத் தண்ணீர், தினமும் முழு மாற்றம். இதிலேயே சில நாட்களில் உதிர்ந்துவிடுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். உதிராவிட்டால் மெத்திலீன் நீலம் என்ற சாய மருந்து, அதுவும் டப்பாவுக்குள் மட்டும், மருத்துவர் சொல்லும் அளவில். தொட்டியில் ஊற்றினால் ஃபில்டர் பாக்டீரியாவுக்கும் கேடு.

தேயிலை வடிநீரில் இருக்கும் டானின் தோலைச் சற்று இறுக்கும், லேசாகப் பூஞ்சையையும் தடுக்கும். செய்கிறவர்களை நான் தடுப்பதில்லை, நானாகச் சொல்வதுமில்லை.

ஃபிரிட்ஜ் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். 5 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் பூஞ்சையின் வளர்ச்சி மந்தப்படும், உண்மை. கூடவே பிராணியின் எதிர்ப்புச் சக்தியும் செரிமானமும் மந்தப்படும். வீட்டில் பஞ்சைப் பார்த்த மாத்திரத்தில் எடுக்கும் நடவடிக்கை அல்ல அது.

சாமணத்தால் பிடுங்குவதும் வேண்டாம். பிடுங்கினால் செவுளும் சேர்ந்துதான் வரும்.

கேள்வி: குழாய்த் தண்ணீர் கடினமாக இருக்கிறது. சுத்தமாக இருக்கட்டும் என்று ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுகிறேன். சரிதானே?

பதில்: சரியில்லை. முதல் பதிலில் சொன்ன உப்புக் கணக்கை மறுபடி படியுங்கள். தாது எதுவுமில்லாத தண்ணீரில் தோல் எதைப் பிடித்து உள்ளே இழுக்கும்? இவை கொஞ்சம் கடினமான தண்ணீரை விரும்புபவை. ஆய்வகங்களில் இவற்றை வளர்ப்பதற்கு ஹோல்ட்ஃபிரெட்டர் கரைசல் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். சோடியம், பொட்டாசியம், கால்சியம் உப்புகளைத் தூய நீரில் வேண்டுமென்றே கலப்பது அது. நீங்கள் காசு கொடுத்து எடுத்ததை அவர்கள் காசு கொடுத்துச் சேர்க்கிறார்கள். குளோரின் நீக்கிய குழாய்த் தண்ணீரே போதும்.

குளோரின் நீக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் குழாயில் வருவது குளோரினா, குளோரமினா (குளோரினும் அமோனியாவும் சேர்ந்த பொருள்) என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குளோரின் திறந்து வைத்தால் போகும், குளோரமின் போகாது. நீக்கி மருந்து குளோரமினை உடைக்கும்போது கொஞ்சம் அமோனியா மிஞ்சும், அதையும் கட்டிப்போடும் வகையாக வாங்க வேண்டும். கற்றாழைச் சாறு சேர்த்து ‘சளிப்படலம் காக்கும்’ என்று விற்கும் மீன் தொட்டி மருந்துகளை இந்தத் தோலுக்குத் தவிர்ப்பதே நல்லது. செம்பு கலந்த மீன் மருந்து கூடவே கூடாது.

கேள்வி: மாலையானால் செவுள் கருஞ்சிவப்பாகிவிடுகிறது, உடம்பும் லேசாகச் சிவக்கிறது. காலையில் சரியாகிவிடுகிறது. நோயா?

பதில்: இல்லை. சுறுசுறுப்பாகும்போது இரத்த ஓட்டம் கூடுகிறது, வெளிர்நிறத் தோலில் அது தெரிகிறது. வந்து போகும் சிவப்புக்குப் பயம் வேண்டாம், வந்து தங்கும் சிவப்புக்குத்தான் பயப்பட வேண்டும். அவ்வப்போது மெல்லிய ஆடைபோல் தோல் உரிந்து மிதப்பதும் இயல்புதான். நாலைந்து நாள் தொடர்ந்தால் தண்ணீரைச் சோதியுங்கள்.

கேள்வி: ஆறேழு மாதமாகத் தண்ணீர் மாற்றவில்லை, ஆவியாகிக் குறைந்ததை மட்டும் ஊற்றி நிரப்பினேன். ஆக்சலாட்டில் நன்றாக இருப்பதாகத்தான் தோன்றியது. இப்போது தோல் மங்கி, அடிக்கடி காலால் செவுளைச் சொறிகிறது. சோதித்தால் பி.ஹெச். 6, நைட்ரேட் நிறப் பட்டியலின் கடைசிச் சிவப்பு, அமோனியாவும் 2 காட்டுகிறது. இன்றைக்கே முழுத் தண்ணீரையும் மாற்றிவிடட்டுமா?

பதில்: நில்லுங்கள் ஐயா. இந்தக் கடிதத்துக்கு மட்டும் இதழ் வரும் வரை காத்திராமல் அன்றே பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே விவரமாக.

ஆவியாவது தண்ணீர் மட்டும். நைட்ரேட்டும் தாதுக்களும் அப்படியே தங்கும். நிரப்புவது மாற்றுவதாகாது. அந்த பாக்டீரியா அமோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகும். அதைச் சமாளிப்பது தண்ணீரில் இருக்கும் கார்பனேட். மாதக்கணக்கில் புதுத் தண்ணீர் வராவிட்டால் கார்பனேட் தீர்ந்து பி.ஹெச். சரியும். 6க்கு வந்தால் பாக்டீரியாவின் வேலையே படுத்துவிடும். அதனால்தான் பழைய தொட்டியில் மறுபடி அமோனியா.

இப்போது வினோதம் ஒன்று. அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும்: தோலையும் செவுளையும் ஊடுருவும் அமோனியா, அவ்வளவாக ஊடுருவாத அமோனியம். எது எவ்வளவு என்பதை பி.ஹெச்.சும் வெப்பமும் தீர்மானிக்கும். 20 டிகிரியில் பி.ஹெச். 7 என்றால் மொத்தத்தில் அரை சதவீதத்துக்கும் குறைவுதான் கொடிய வடிவம். பி.ஹெச். 8 என்றால் ஏறக்குறைய 4 சதவீதம். ஒரு படி ஏறினால் பத்து மடங்கு. உங்கள் 2 பி.பி.எம். இப்போது பி.ஹெச். 6இல் ஏறக்குறைய முழுக்க அமோனியமாக அடங்கிக் கிடக்கிறது. கார்பனேட் நிறைந்த புதுத் தண்ணீரைப் பாதித் தொட்டிக்கு ஒரேயடியாக ஊற்றினால் பி.ஹெச். எகிறும், மீதியிருக்கும் அமோனியா விழித்துக்கொள்ளும். ‘தண்ணீர் மாற்றினேன், மறுநாள் செத்துவிட்டது, தண்ணீரில்தான் ஏதோ’ என்று சொல்கிறவர்கள் பலருக்கு நடந்தது இதுதான். முழுக்க மாற்றினால் அமோனியா போய்விடுமே என்பீர்கள். போகும், ஆனால் பி.ஹெச்.சும் தாதுவும் ஒரே நாளில் அவ்வளவு தூரம் தாண்டுவதே அந்தத் தோலுக்கு ஓர் அடி.

தினமும் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் மாற்றுங்கள், அதே வெப்பநிலையில், மெதுவாக ஊற்றி. அமோனியத்தைக் கட்டிப்போடும் நீக்கியைக் கூடவே பயன்படுத்துங்கள். தீனியைப் பாதியாக்குங்கள். தினமும் பி.ஹெச்.சும் அமோனியாவும் எழுதி வையுங்கள். பி.ஹெச். 7ஐத் தொட்டு அமோனியா பூஜ்யமானால் அளவைக் கூட்டலாம். அதன்பின் வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றினால் மறுபடி இங்கே வந்து நிற்க மாட்டீர்கள்.

ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழியாதீர்கள். குளோரின் பட்டால் அதிலிருக்கும் பாக்டீரியாவும் சாகும். வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். நைட்ரேட் சோதனையில் இரண்டாவது குப்பியை அரை நிமிடமாவது பலமாகக் குலுக்கியபின் சொட்டுவிடுங்கள்; அதன் பொருள் அடியில் தங்கிவிடுவதால் குலுக்காமல் விட்டால் பொய்யாகக் குறைவு காட்டும். உங்களுடையது குலுக்காமலே கடைசிச் சிவப்பு என்றால், கேட்கவே பயமாக இருக்கிறது.

கேள்வி: தொட்டித் தண்ணீர் 26 டிகிரி. எல்லாம் பூஜ்யம் காட்டுகிறது, ஆனாலும் சாப்பிடவில்லை, அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்குகிறது. தோலும் வெளிறிப்போகிறது.

பதில்: எல்லாம் பூஜ்யம், வெப்பம் ஒன்றைத் தவிர. இது மெக்சிகோ பள்ளத்தாக்கின் உயரமான, குளிர்ந்த ஏரிகளில் உருவான பிராணி. காட்டில் இன்று சோச்சிமில்கோ கால்வாய்களில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. 16இலிருந்து 18 டிகிரி அதற்குச் சுகம், 20 பொறுத்துக்கொள்ளும், 24ஐத் தாண்டினால் ஆபத்து. 15 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 25 டிகிரியில் 8.3தான். அதே சமயம் வெப்பத்தில் உடலின் ஆக்சிஜன் தேவை கூடுகிறது. வரவு குறைந்து செலவு கூடினால் மேலே வந்துதான் காற்றை விழுங்கும். சூட்டில் கிருமிகளும் வேகமாகப் பெருகும், எதிர்ப்புச் சக்தியோ குறையும். தோல் நோய் கோடையில் அதிகம் வருவதன் காரணம் இதுதான்.

மேற்பரப்பில் படும்படி சிறு மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும், ஆவியாவதைத் தினமும் ஈடுகட்ட வேண்டும். உறைந்த தண்ணீர்ப் புட்டிகளை மிதக்க விடுவது அவசரத்துக்கு மட்டும். ஏறி இறங்கும் வெப்பமும் அதற்குத் தொல்லையே. வருடத்தில் பாதி நாள் அறை 24ஐத் தாண்டும் என்றால் சில்லர், அதாவது தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி, வேண்டும். அதற்கு வழியில்லை என்றால், முகம் சுளிக்காமல் கேளுங்கள், வேறு பிராணி வளர்க்கலாம்.

கேள்வி: என் ஆக்சலாட்டிலைக் கையில் எடுத்துக் கொஞ்சலாமா? எனக்கு ஒன்பது வயது.

பதில்: கூடாது கண்ணா. உன் கையின் சூடு அதற்கு மிக அதிகம். தொட்டால் அந்த வழவழப்பும் உரியும். கட்டாயம் எடுக்க வேண்டிய நாளில் பெரியவர்களைக் கூப்பிடு. மெல்லிய வலையில், அல்லது தண்ணீரோடு ஒரு டப்பாவில் மொண்டு எடுப்பார்கள். தொட்டியில் கை விட்டால் பிறகு சோப்புப் போட்டுக் கழுவிவிடு. மண்புழுவை நீ கொடு, அது உன் கை வரும் நேரத்தைத் தெரிந்துகொள்ளும்.

கேள்வி: அமோனியாவால் செவுள் இழைகள் பாதி போய்விட்டன. தண்ணீரைச் சரி செய்துவிட்டேன். திரும்ப வளருமா?

பதில்: வளரும். காலே வளர்கிற பிராணி இது, இழைகள் வளராதா? தண்ணீர் குளிர்ச்சியாகவும் பூஜ்யமாகவும் இருந்தால் சில வாரங்களில் ஓரங்களில் மெல்லிய மயிர்போல் புது இழை தெரியும். பழைய அடர்த்திக்கு வர மாதங்கள் ஆகலாம். ஃபில்டரிலிருந்து வரும் நீரோட்டம் பலமாக இருந்தால் குறையுங்கள். செவுள் எப்போதும் முன்பக்கம் வளைந்தே இருந்தால் அது ஓட்டத்தோடு போராடுகிறது என்று அர்த்தம். வளர்ச்சியைப் பார்க்க வாரம் ஒரு படம் எடுத்து வையுங்கள், மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பிளாஷ் மட்டும் வேண்டாம். அதற்குக் கண்ணை மூட இமை கிடையாது.